சிலம்பின் பரலும் கைபேசியின் எண்ணும்

நுழையும்முன்

திறன்பேசி களவுபோனால், இழந்தவர் முதலில் எண்ணிப் பார்ப்பது அதன் விலையைத்தான். ஆயின், அங்குக் களவுபோவது கருவி மட்டுமன்று. வங்கிக் கணக்கின் திறவுகோலும், வீட்டாரின் பெயரால் பிறரிடம் பேசும் வாய்ப்பும் அதனுடன் சேர்ந்தே செல்கின்றன. அவற்றுள் எதனை உடனே காப்பது, எதனைப் பொறுத்திருந்து மீட்பது, மீண்டு வந்த பொருள் தமக்கு உரியது என்பதை எவ்வாறு நிறுவுவது என்பன பற்றி இப்பாடம் விளக்குகிறது.

மதுரை அரசவையில் கண்ணகி தொடுத்த வழக்கு, அடிப்படையில் ஒரு களவு வழக்கு. அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லன். பழியைச் சுமந்து உயிர் துறந்தவன் கோவலன். இரு சிலம்புகளும் கண்டார்க்கு வேறுபாடு தோன்றாதவாறு அமைந்திருந்தமையே பொற்கொல்லனின் சூழ்ச்சிக்கு இடமளித்தது. கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்துப் பரல்களும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல்களும் இருந்தன. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த அந்த நொடியில்தான் உடைமை யாருடையது என்பது உறுதியாயிற்று. புறத்தோற்றம் சான்றாகாது, உள்ளே இருக்கும் அடையாளமே சான்றாகும் என்பதை அவ்வழக்கு காட்டுகிறது.

இக்காலக் கைபேசிக்கும் இது பொருந்தும். ஒரே நிறுவனம் ஒரே வடிவத்தில், ஒரே நிறத்தில் இலட்சக்கணக்கான கைபேசிகளைச் செய்து விற்கிறது. கைப்பற்றப்பட்ட கைபேசிகள் காவல் நிலையத்து மேசைமேல் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும்போது, ‘கருப்பு நிறம், ஓரத்தில் சிறு கீறல், நீல உறை’ என்று கூறுவதால் எவரும் தம் பொருளைப் பெற்றுவிட இயலாது. உறையைக் கழற்றி எறிவதே திருடியவர் செய்யும் முதல் வேலை. ஆகவே, கைபேசிக்கும் ஒரு பரல் தேவைப்படுகிறது.

பதினைந்து இலக்கங்கள்

அப்பரல், ஐ.எம்.இ.ஐ. எனப்படும் 15 இலக்க எண். உலகில் முறையாக உருவாக்கப்படும் ஒவ்வொரு கைபேசிக்கும் இவ்வெண் தனித்தனியே வழங்கப்படுகிறது. முதல் 8 இலக்கங்கள் கருவியின் வகையைக் குறிப்பன. அடுத்த 6 இலக்கங்கள் அவ்வகையில் அக்கருவிக்கு உரிய வரிசை எண். இறுதி இலக்கம் முன்னுள்ள எண்கள் பிழையின்றி எழுதப்பட்டுள்ளனவா என்பதைக் கணக்கிட்டுச் சரிபார்க்க உதவுவது. இரு சிம் அட்டைகளை இடத்தக்க கைபேசியில் இத்தகைய எண்கள் இரண்டு இருக்கும். ஒன்றை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிடுவோர் பலர்.

கைபேசியில் *#06# என்று அழுத்தினால் திரையில் இவ்வெண்கள் தோன்றும். வாங்கியபோது தரப்பட்ட பெட்டியின் பக்கவாட்டிலும், பெரும்பாலும் கடையின் விலைச்சீட்டிலும் இவை அச்சிடப்பட்டிருக்கும். கைபேசி கையில் இருக்கும்வரை எவரும் இவற்றைத் தேடுவதில்லை. அது கைவிட்டுப் போன பிறகோ *#06# என்று அழுத்துவதற்குக் கருவியே இல்லை. பெட்டியைப் பழைய பொருள்காரரிடம் போட்டுவிட்டு, விலைச்சீட்டை ஒளிப்படம் எடுத்து அக்கைபேசியிலேயே சேமித்து வைத்திருப்பவரின் நிலை, திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவரின் நிலையை ஒத்தது. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிய 15 இலக்கங்கள், நெருக்கடி நேரத்தில் எந்தச் செயலியைக் காட்டிலும் பயன் தரும்.

சிம் அட்டைக்கும் இவ்வெண்ணுக்கும் தொடர்பில்லை. சிம் அட்டையை மாற்றினாலும் கருவியின் எண் மாறுவதில்லை. கைபேசி ஒவ்வொரு முறை வலையமைப்புடன் இணையும்போதும் இவ்வெண்ணைத் தெரிவிக்கிறது. களவுபோன கருவியைக் கண்டறிய இயல்வது இதனாலேயே. இவ்வெண்ணை மாற்றியமைக்கும் முறைகேடும் இல்லாமல் இல்லை. 2020ஆம் ஆண்டில் உத்தரப்பிரதேசத்தின் மீரட் நகரக் காவல்துறை, 13,000க்கும் மேற்பட்ட கைபேசிகள் ஒரே எண்ணில் இயங்கியதைக் கண்டறிந்து வழக்குப் பதிந்தது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், இத்தகைய அடையாள எண்களைத் திருத்துவோருக்கு மூன்று ஆண்டுகள்வரை சிறை அல்லது 50 இலட்சம் ரூபாய்வரை தண்டம் அல்லது இரண்டும் விதிக்க வகைசெய்கிறது.

கைபேசி என்னும் கணையாழி

அரசனின் முத்திரை மோதிரத்தைக் காட்டியவர் அரசனின் ஆளாகவே கருதப்பட்ட காலம் உண்டு. மோதிரத்தை யார் கொண்டுவந்தார் என்பதைக் காட்டிலும், மோதிரம் மெய்யானதா என்பதையே வாயிற்காவலர் பார்த்தனர். இன்றைய ஒருமுறைக் கடவுச்சொல் செயற்படுவதும் அவ்வாறே. குறிப்பிட்ட எண்ணுக்கு வந்த ஆறு இலக்கங்களைச் சொல்பவரே அந்த எண்ணுக்கு உரியவர் என்று வங்கி நம்புகிறது. எரிவாயு முகமை நம்புகிறது. கல்வி உதவித்தொகை வழங்கும் இணையத்தளமும் நம்புகிறது.

மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் விடியற்காலையில் பூ வாங்கி, கட்டி விற்கும் பெண் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவருடைய திறன்பேசி விலை குறைந்தது, இரண்டாண்டு பழையது. சந்தையில் அதற்கு மூவாயிரம் ரூபாய்கூடக் கிடைக்காது. ஆனால், கூடையில் ஒட்டப்பட்ட விரைவுக் குறியீட்டின் வழியே வரும் பணம் சேர்வது அந்த எண்ணோடு இணைந்த கணக்கில்தான். மகள் எழுதவிருக்கும் நுழைவுத்தேர்வின் விண்ணப்பத்தில் தரப்பட்டதும் அந்த எண்ணே. மகளிர் குழுக் கடன், ஆதார், குடும்ப அட்டை ஆகியவற்றிலும் அதே எண். கைபேசியின் உறைக்குள் பற்று அட்டையையும் மடித்து வைத்திருக்கிறார்; பேருந்தில் பணப்பையைத் திறக்க வேண்டாம் என்பது அவருடைய எண்ணம். நம் ஊரில் இது மிகப் பரவலான வழக்கம். திருடியவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. யு.பி.ஐ. இரகசிய எண்ணைப் புதிதாக அமைப்பதற்குப் பற்று அட்டையின் விவரங்களும், குறுஞ்செய்தியில் வரும் கடவுச்சொல்லுமே கேட்கப்படுகின்றன. உறையோடு சேர்ந்து இவ்விரண்டும் ஒருவர் கைக்கே போய்விடுகின்றன.

திரைப் பூட்டு இருக்கும்போது அச்சம் எதற்கு என்று சிலர் கருதலாம். திரைப் பூட்டு காப்பது கருவியை. சிம் அட்டையை அன்று. சிம் அட்டையை வெளியே எடுத்து வேறொரு கைபேசியில் இட்டால், அந்த எண்ணுக்கு வரும் குறுஞ்செய்திகள் அனைத்தும் அங்கே வரும். அதுகூடத் தேவைப்படாமல், பூட்டிய திரையின்மீதே கடவுச்சொல் தோன்றுமாறு பல கைபேசிகள் அமைக்கப்பட்டுள்ளன. பூட்டிய திரையில் அறிவிப்பின் உள்ளடக்கத்தை மறைக்கும் அமைப்பு எல்லாக் கைபேசிகளிலும் உண்டு. அதனை இயக்க ஒரு நிமிடம் போதும்.

தெரிந்து தெளிவோம்
சிம் அட்டைக்கும் தனியே பூட்டு உண்டு. கைபேசியின் பாதுகாப்பு அமைப்பில் ‘சிம் பூட்டு’ என்பதை இயக்கினால், கைபேசியை மீண்டும் இயக்கும்போதும் வேறு கைபேசியில் அட்டையை இடும்போதும் ஓர் இரகசிய எண் கேட்கப்படும். மூன்று முறை பிழையாக இட்டால் அட்டை முடங்கும், அதன்பின் பி.யு.கே. என்னும் 8 இலக்க எண்ணைத் தந்தால்தான் திறக்கும். அதனையும் பத்து முறை பிழையாக இட்டால் அட்டை நிலையாகப் பயனற்றுப் போகும். பூட்டை இயக்கும் முன், சேவை நிறுவனம் முதலில் வைத்திருக்கும் எண் யாது என்பதைக் கேட்டறிதல் வேண்டும். ஊகித்து இடுதல் கூடாது.

முதல் ஒரு மணி நேரம்

கைபேசி காணப்படவில்லை என்று உணர்ந்ததும், அருகிலிருப்பவரின் கைபேசியிலிருந்து தம் எண்ணுக்கு ஒருமுறை அழைத்துப் பார்ப்பது இயல்பு. மணி ஒலித்து எவரேனும் எடுத்தால் நன்று. ஒலித்துத் துண்டிக்கப்பட்டாலோ, ‘அணைத்து வைக்கப்பட்டுள்ளது’ என்னும் குரல் கேட்டாலோ, மீண்டும் மீண்டும் அழைத்துக் கொண்டிருப்பதில் பயனில்லை. அடுத்து என்ன செய்வது என்பதில்தான் உண்மையான இக்கட்டு தொடங்குகிறது.

சிம் அட்டையை உடனே முடக்கச் சொன்னால், கடவுச்சொற்கள் திருடியவர் கைக்குச் செல்வது நின்றுவிடும். ஆனால், அதனோடு கைபேசியின் இணையத் தொடர்பும் அறுந்துபோகும். தொலைவிலிருந்து அதனைப் பூட்டவோ இருப்பிடம் அறியவோ இயலாது. முடக்காமல் விட்டு இருப்பிடத்தைத் தேடிக்கொண்டிருந்தால், அதற்குள் பணம் போய்விடலாம். இரண்டும் ஒரே நேரத்தில் கைகூடுவதில்லை.

இதற்குரிய வழி, நேரத்துக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்வது. வேறொருவரின் கைபேசியில் கூகுள் அல்லது ஆப்பிள் நிறுவனத்தின் கருவி தேடும் சேவையைத் திறந்து, தம் கணக்கினுள் நுழைந்து, கைபேசியைத் தொலைவிலிருந்தே பூட்டலாம். ஐந்து நிமிடத்திற்குள் இது நடந்தால் நன்று. இல்லையேல் அம்முயற்சியை விட்டுவிட்டுச் சிம் அட்டையை முடக்குவதே அறிவுடைமை. கருவியின் விலைக்கு ஓர் அளவு உண்டு. கணக்கிலிருந்து போகும் பணத்திற்கு அத்தகைய அளவு இல்லை.

ஐந்து நிமிடத்தில் நடக்காமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: மின்னஞ்சலின் கடவுச்சொல் உரியவருக்கே தெரியாது. கைபேசி வாங்கிய நாளில் கடைக்காரரோ உறவினரோ உருவாக்கித் தந்த கணக்கு அது. சிலருக்குக் கடவுச்சொல் நினைவிலிருந்தாலும், உறுதிசெய்யும் எண் களவுபோன அதே கைபேசிக்குச் செல்கிறது. கூகுள் கணக்கிற்கென ஒருமுறை மட்டும் பயன்படும் மாற்றுக் குறியீடுகளை முன்கூட்டியே பெற்றுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளும் வசதி இருப்பது இத்தகைய வேளைக்காகவே. ஆண்ட்ராய்டின் 10ஆம் பதிப்பும் அதற்குப் பிந்தையனவும் கொண்ட கைபேசிகளில், கையிலிருந்து பறிக்கப்படும் அசைவை உணர்ந்து திரை தானே பூட்டிக்கொள்ளும் அமைப்பும், கைபேசி எண்ணை மட்டும் கொண்டு தொலைவிலிருந்து பூட்டும் அமைப்பும் 2024இலிருந்து தரப்பட்டு வருகின்றன. இவற்றையும் களவுக்கு முன்னரே இயக்கி வைத்திருத்தல் வேண்டும்.

தொலைவிலிருந்து பூட்டுவதும் தொலைவிலிருந்து அழிப்பதும் ஒன்றல்ல. பதற்றத்தில் முதலில் அழித்துவிடுவோர் உண்டு. ஆண்ட்ராய்டு கைபேசியில் உள்ளவற்றை அழித்தபின் அதன் இருப்பிடத்தை அச்சேவையால் காட்ட இயலாது. வலுவான இரகசிய எண் இட்டுப் பூட்டிய கைபேசியிலுள்ள தகவல்கள் மறையாக்கம் பெற்றே இருக்கும். எனவே முதலில் பூட்டுதலும், மீட்கும் நம்பிக்கை அற்றபோது அழித்தலுமே முறை.

சிம் அட்டையை முடக்க, அதே நிறுவனத்தின் எண்ணிலிருந்து 198ஐ அழைக்கலாம். அடுத்த அழைப்பு வங்கிக்கு. இணையவழி வங்கிச் சேவை, யு.பி.ஐ., பற்று அட்டை ஆகிய மூன்றையும் நிறுத்தி வைக்கக் கோருதல் வேண்டும். ஒன்றை நிறுத்தினால் மற்றவை தாமே நின்றுவிடும் என்று எண்ணுதல் பிழை. புகார் எண்ணையும் அழைத்த நேரத்தையும் குறித்துக்கொள்வது சிறு செயலாகத் தோன்றினும், பின்னர் அதுவே வழக்கைத் தீர்மானிக்கும். இந்திய ரிசர்வ் வங்கி 2017ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, வங்கியிடத்தும் வாடிக்கையாளரிடத்தும் தவறின்றி மூன்றாமவரால் நேர்ந்த முறைகேட்டை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் இழப்பில் ஒரு வரம்பு வரையே அவரைச் சேரும். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பாயின், அவர் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது. தெரிவித்த பின்னர் நேர்வது வங்கியுடையது. ஆகவே, ‘எப்போது தெரிவித்தார்’ என்பதற்கான சான்று பணத்திற்கு இணையானது. பணம் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணைத் தாமதமின்றி அழைத்தல் வேண்டும். பணம் கணக்குவிட்டுக் கணக்குத் தாவும் முன்னர் அதனை நிறுத்தி வைக்க முயல்வதே அவ்வமைப்பின் நோக்கம்.

மாற்றுச் சிம் அட்டையைப் பெறச் செல்லும்போது பலர் எதிர்பாராத தடை ஒன்றைச் சந்திக்கின்றனர். எண் யார் பெயரில் பதிவாகியுள்ளதோ அவருக்கே மாற்று அட்டை வழங்கப்படும். பல ஆண்டுகளுக்கு முன் மைத்துனரின் ஆவணத்தைக் கொடுத்து வாங்கிய எண்ணாக அது இருக்கலாம். அவர் இப்போது திருப்பூரிலோ துபாயிலோ இருக்கலாம். தாம் பயன்படுத்தும் எண் தம் பெயரில்தான் உள்ளதா என்பதை ஒவ்வொரு குடும்பமும் அமைதியான ஒரு நாளில் பார்த்து வைத்துக்கொள்ளுதல் நலம். மாற்று அட்டை இயங்கத் தொடங்கிய பின்னும் 24 மணி நேரத்திற்குக் குறுஞ்செய்தி வசதி நிறுத்தி வைக்கப்படும். பிறர் ஏமாற்றி மாற்று அட்டை பெற்றுக் கடவுச்சொற்களைக் கவர்வதைத் தடுப்பதற்கே இவ்விதி. அட்டை பழுது என்று எண்ணிக் கலங்க வேண்டியதில்லை.

புதிய அட்டையில் வாட்ஸ்அப் கணக்கை மீண்டும் பதிவு செய்தால், முன்பு அது முதன்மையாக இயங்கிய கைபேசியிலிருந்து தானே வெளியேறிவிடும். அதுவரையில், உறவினர்க்கும் நண்பர்க்கும் வேறு எண்ணிலிருந்து செய்தி சொல்லி வைத்தல் வேண்டும். ‘மருத்துவமனையில் இருக்கிறேன், உடனே ஐயாயிரம் அனுப்பு’ என்று தங்கையின் பெயரில் வரும் செய்தியை அண்ணன் ஐயுறுவதற்கு வழியில்லை.

தொலைந்ததா? களவுபோனதா?

காவல் நிலையத்தில் எழுதித் தரும் மனுவில் இடம்பெறும் ஒரு வினைச்சொல், அம்மனுவின் போக்கையே மாற்றிவிடும். ‘பேருந்தில் பயணம் செய்தபோது கைபேசி தொலைந்துவிட்டது’ என்று எழுதினால், அங்குக் குற்றம் எதுவும் கூறப்படவில்லை. பொருளை எங்கோ தவறவிட்டதாகவே அது கொள்ளப்படும். ‘பையின் பக்கவாட்டை அறுத்து எடுத்துச் சென்றுள்ளனர்’ என்றோ, ‘இருசக்கர வண்டியில் வந்தவர் கையிலிருந்து பறித்துச் சென்றார்’ என்றோ எழுதினால் அது குற்றம் பற்றிய தகவல். மொழியைப் பயில்வோர் இவ்வேறுபாட்டின் எடையை எளிதில் உணர்வர்.

2024 சூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, களவை 303ஆம் பிரிவிலும், பறித்தலைத் தனிக்குற்றமாக 304ஆம் பிரிவிலும் வைத்துள்ளது. பழைய தண்டனைச் சட்டத்தில் பறித்தலுக்கெனத் தனிப்பிரிவு இல்லை. எனவே, நடந்ததை நடந்தவாறே எழுதுதல் வேண்டும். அறியாததைச் சேர்த்தலும் கூடாது. கைபேசி எவ்வாறு போயிற்று என்பது உண்மையிலேயே தெரியாதபோது ‘பறித்தனர்’ என்று எழுதுவது பொய்ப்புகார் ஆகும். தெரிந்திருந்தும் எளிதாக முடியட்டும் என்று ‘தொலைந்தது’ என்று எழுதுவது தம் உரிமையைத் தாமே விட்டுக்கொடுப்பதாகும்.

மனுவைப் பெற்றுக்கொண்டதற்குத் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் தரப்படும் ஏற்புச் சீட்டினை மக்கள் ‘சி.எஸ்.ஆர்.’ என்பர். அது முதல் தகவல் அறிக்கை அன்று. முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் படியைத் தகவல் தந்தவருக்குக் கட்டணமின்றித் தருதல் வேண்டும் என்பது சட்டம். களவு எந்த எல்லையில் நடந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். மின்னணு வழியில் தகவல் தந்தவர் மூன்று நாள்களுக்குள் கையொப்பமிட்டால் அது பதிவு செய்யப்படும். இவை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு தரும் உரிமைகள். பதிவுசெய்ய மறுக்கப்பட்டால், அதே தகவலை எழுத்து வடிவில் அஞ்சல் வழியாகக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பவும் அப்பிரிவு இடமளிக்கிறது. ஓடும் தொடர்வண்டியில் களவு நேர்ந்தால் 139 என்னும் எண்ணில் தெரிவிக்கலாம். வழக்கைப் பதிவது இருப்புப்பாதைக் காவல்துறை.

மையப் பதிவேடு

மனுவின் படி கைக்கு வந்ததும் கருவியையே முடக்கும் கட்டம் வருகிறது. இந்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி என்னும் இணையத்தளத்தில், சி.இ.ஐ.ஆர். எனப்படும் மையக் கருவி அடையாளப் பதிவேடு உள்ளது. 2019இல் மும்பையிலும் தில்லியிலும் முன்னோட்டமாகத் தொடங்கி, 2023 மே 16 அன்று நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. ஐ.எம்.இ.ஐ. எண்கள், காவல்துறையில் தந்த புகாரின் படி, அடையாள ஆவணம் ஆகியவற்றுடன் இதில் விண்ணப்பிக்கலாம். கைபேசி வாங்கிய விலைச்சீட்டு இருப்பின் அதனையும் இணைக்கலாம். கடவுச்சொல் பெற இயங்கும் எண் தேவைப்படுவதால், மேலே கூறிய 24 மணி நேரத் தடையையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். காவல் நிலையம் வழியாகவும் இப்பதிவைச் செய்யலாம்.

எண் பதிவேட்டில் ஏறியதும் நாட்டின் எல்லாச் சேவை நிறுவனங்களும் அக்கருவிக்கு இணைப்பை மறுக்கின்றன. எந்தச் சிம் அட்டையை இட்டாலும் அது பேசாது. அவ்வாறு இட முயன்ற செய்தி காவல்துறைக்குத் தெரிய வருகிறது. மாவட்டக் காவல் அலுவலகங்களில் மீட்கப்பட்ட கைபேசிகளை உரியவரிடம் ஒப்படைக்கும் நிகழ்ச்சிகள் அவ்வப்போது நடைபெறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனினும், இப்பதிவேடு ஆற்றுவதற்கும் எல்லை உண்டு. கைபேசியாகப் பயன்படாத கருவியை அருகலை இணைப்பில் படம் பார்க்கும் பெட்டியாகப் பயன்படுத்தலாம். திரையையும் மின்கலத்தையும் பிரித்து உதிரிப் பொருள்களாக விற்கலாம். இந்தியப் பதிவேடு செல்லாத வேறு நாட்டிற்குக் கடத்தலாம். ஆகவே, முடக்கம் என்பது மீட்பிற்கு உறுதியன்று. அது திருட்டின் ஆதாயத்தைக் குறைக்கிறது. தம் பெயரிலுள்ள கருவி குற்றச் செயலுக்குப் பயன்படாமல் காக்கிறது. கைபேசி திரும்பக் கிடைத்தால், விண்ணப்பித்தபோது தரப்பட்ட கோரிக்கை எண்ணைக் கொண்டு முடக்கத்தை நீக்கக் கோரலாம். அவ்வெண்ணையும் தாளில் எழுதி வைத்தலே தக்கது.

வரைபடத்தில் ஒரு புள்ளி

சில வேளைகளில் தேடும் சேவை ஓர் இருப்பிடத்தைக் காட்டிவிடும். வரைபடத்தில் ஒரு தெரு. தெருவில் ஒரு புள்ளி. அதனைக் கண்ட இளைஞர் நால்வர் இருசக்கர வண்டிகளில் புறப்படுவதும், அத்தெருவில் முதலில் கண்ணில் பட்டவரை வளைத்துக்கொள்வதும் நடக்கக்கூடியவையே. அப்புள்ளி கூறுவது தோராயமான இடத்தை. நெருக்கமான குடியிருப்பில் அப்புள்ளியின் வட்டத்திற்குள் இருபது வீடுகள் அடங்கும்; மூன்று மாடிக் கட்டடமாயின் எந்தத் தளம் என்பதையும் அது கூறாது. வட்டத்திற்குள் குடியிருப்பது மட்டுமே ஒருவரைக் கள்வராக்கிவிடாது.

கையில் சிலம்பு இருந்தது என்பதற்காகவே கோவலன் வெட்டுண்டான். வினவுதற்கு ஒரு நாழிகை ஒதுக்கப்பட்டிருந்தால் அவனுடைய விடை கேட்கப்பட்டிருக்கும். வரைபடம் காட்டும் இடத்தைத் திரைப்பிடிப்பாக எடுத்து, நேரத்துடன் காவல்துறையிடம் ஒப்படைப்பதோடு இழந்தவரின் பணி முடிகிறது. தேடிச் செல்வது ஆயுதம் வைத்திருக்கக்கூடிய ஒருவரைத் தேடிச் செல்வது என்பதையும் மறத்தலாகாது.

சில நாள்கள் கழித்து வேறொரு வலையும் விரிக்கப்படலாம். ‘தங்கள் கைபேசி கண்டுபிடிக்கப்பட்டது, இருப்பிடம் காண இங்கே அழுத்துக’ என்று நிறுவனத்தின் பெயரில் ஒரு குறுஞ்செய்தி வரும். அழுத்தினால் உண்மையான தளத்தைப் போன்ற பக்கம் திறந்து கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். உரியவரின் கடவுச்சொல் இல்லாமல் ஐபோனைப் புதிதாக இயக்கவிடாத பூட்டு 2013இல் அறிமுகமானது. ஆண்ட்ராய்டிலும் அதனையொத்த காப்பு உண்டு. பூட்டை உடைக்க இயலாதவர், உரியவரைக் கொண்டே அதனைத் திறக்கச் செய்யும் சூழ்ச்சி இது. இழந்த பொருளின்மீதுள்ள ஆசையே இங்குத் தூண்டில் இரையாகிறது.

வாங்குவோர் பக்கம்

களவுபோன கைபேசிகள் இறுதியில் யாரோ ஒருவரின் சட்டைப்பையில்தான் சென்று சேர்கின்றன. அவர் பெரும்பாலும் கள்வர் அல்லர்; பாதி விலைக்கு நல்ல கைபேசி கிடைக்கிறதே என்று மகிழ்ந்து வாங்கிய மாணவராகவோ தொழிலாளியாகவோ இருப்பார். களவுப்பொருள் என அறிந்தோ, அவ்வாறு நம்புதற்குக் காரணம் இருந்தும் கண்மூடியோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றம். பெட்டியும் விலைச்சீட்டும் இன்றி, திரைப்பூட்டைத் திறந்துகாட்ட இயலாமல், பேருந்து நிலையத்து ஓரத்தில் விற்கப்படும் பொருளைப் பற்றி ஐயம் எழவில்லை என்று பின்னர்க் கூறுவது எடுபடாது.

ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள எளிய வழி உண்டு. விற்பவரின் முன்னிலையிலேயே *#06# அழுத்தி, திரையில் தோன்றும் எண்ணையும் பெட்டியில் உள்ள எண்ணையும் ஒப்பிடலாம். கே, ஒய், எம் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை இட்டு, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்க எண்ணையும் தட்டெழுதி 14422 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அக்கருவியின் நிலை தெரியவரும். சஞ்சார் சாத்தி தளத்திலும், 2025 சனவரியில் வெளியான அதன் செயலியிலும் இவ்வசதி உள்ளது. முடக்கப்பட்ட எண் என்றோ, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள எண் என்றோ விடை வந்தால், விலை எவ்வளவு குறைவாயினும் அதனை வாங்காமல் விடுதல் வேண்டும். சரியான எண் என்று வந்தால், விற்பவரின் பெயரும் கையொப்பமும் நாளும் ஐ.எம்.இ.ஐ. எண்களும் எழுதிய ஒரு தாளைப் பெற்று, பழைய விலைச்சீட்டுடன் வைத்துக்கொள்ளலாம்.